முதல்ல ஒரு டம்ளர் தண்ணி!

“மச்சி, இயேசுவைப் பத்தி உன்கிட்ட கொஞ்சம் பேசணும்டா...”

ஹாஸ்டல் வாழ்க்கையில இந்த டயலாக்கைச் சொன்னவங்களுக்கும், கேட்டவங்களுக்கும், கேட்டதும் போர்வையை இழுத்து மூடித் தூங்குற மாதிரி நடிச்சவங்களுக்கும் இந்தக் கட்டுரை!

கோயம்புத்தூர்ல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். செகண்ட் இயர். மறுநாள் காலையில எலெக்ட்ரிக்கல் லேப். ராத்திரி பதினோரு மணிக்கு ரெகார்டு நோட்டைத் திறந்தா, மூணாவது எக்ஸ்பெரிமென்ட்டுக்கு நடுவுல ஒரு குட்டித் துண்டுப் பிரசுரம். சிவப்பு எழுத்துல ஒரு கேள்வி. இன்னிக்கு ராத்திரி நீ இறந்துட்டா எங்கே போவாய்?

எனக்கு அன்னிக்கு ராத்திரி போகவேண்டிய ஒரே இடம் ஜெராக்ஸ் கடைதான். ஆனா சிரிப்பு வரலை. ஏன்னா, கடந்த ரெண்டு மாசத்துல இது நாலாவது. தலையணைக்கு அடியில ஒண்ணு, சோப்பு டப்பா மேல ஒண்ணு, ஹால் டிக்கெட்டோட சேர்த்து ஒண்ணு. வெச்சது யாருன்னு கண்டுபிடிக்க சி.பி.ஐ. தேவையில்லை. எதிர்க்கட்டில்ல படுத்திருந்த என் ரூம்மேட்தான்.

அவன் சாயர்புரம் பக்கம். நான் திருநெல்வேலி பக்கத்துக் கிராமம். கொங்கு நாட்டு ஹாஸ்டல்ல ‘ஏல’ போட்டுப் பேசுற ரெண்டே பேர். அதனாலேயே ஒட்டிக்கிட்டோம். மெஸ்ல எனக்கு முட்டை எடுத்து வைக்கிறவன், எனக்கு அட்டெண்டன்ஸ் போடுறதுக்காகக் குரலை மாத்திப் பேசுறவன்... அவன் நல்லவன். அதுதான் பிரச்னையே!

“என்னலே இது?”

“கோவப்படாத மக்கா. உனக்காவத்தான். நீ நரகத்துக்குப் போயிடுவியோன்னு எனக்கு நெசமாவே பயமா இருக்குல. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நான் என்ன ஃப்ரெண்டு?”

அவன் கண்ணு கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. ஆனா எனக்குள்ள வேற ஏதோ உடைஞ்சது. என்னை வளர்த்தது எங்க ஆச்சி. காலையில விளக்கேத்தி, திருநீறு பூசி, தெருவுல போற யாருக்கும் தண்ணி கொடுக்காம அனுப்பாதவ.

“அப்ப எங்க ஆச்சி? அவ எங்கலே போவா? சொல்லு.”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். நான் லைட்டை அணைச்சேன். அந்த செமஸ்டர் முடியற வரைக்கும் எங்க ரூம்ல ரெண்டு பேர் இருந்தோம். பேச்சு மட்டும் இல்லை.

இது எங்க ரூம் கதை மட்டும் இல்லைங்க. தமிழ்நாட்டுல எந்த ஹாஸ்டல் கதவைத் தட்டினாலும் இதுல ஒரு பாதியாவது கிடைக்கும். சில இடத்துல ‘சொல்லித் தொல்லை பண்றாங்க’ங்கிற புகார். சில இடத்துல ‘சொன்னதுக்காக மிரட்டுறாங்க’ங்கிற புகார். ரெண்டுமே நிஜம். ஸோ, நிதானமா உட்கார்ந்து பேசுவோமா?

சொல்லலாமா... கூடாதா?

முதல் கேள்விக்கான பதிலைத் தேட 1948-க்குப் போகணும். நம்ம அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிக்கிட்டிருந்த நிர்ணய சபையில டிசம்பர் 6-ம் தேதி பெரிய விவாதம். விஷயம் ஒரே ஒரு வார்த்தை. மதத்தைப் பின்பற்றலாம், சரி. ‘பரப்பலாம்’னு எழுதலாமா? சில உறுப்பினர்கள், ‘அந்த வார்த்தையே வேண்டாம், மதம்ங்கிறது அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும்’னு எதிர்த்தாங்க.

அப்ப எழுந்து பேசினவங்கள்ல ஒருத்தர் நம்ம ஊர்க்காரர், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி. மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மாணவர். பதினாலு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்கள்ல படிச்ச தன்னை மதம் மாத்த யாரும் முயற்சி பண்ணலைன்னு சபையில சொன்னார். கூடவே இன்னொரு விஷயமும் சொன்னார். கிறிஸ்தவத்துக்கு ஆட்கள் போனதுக்குக் காரணம், அது அவங்களுக்குக் கொடுத்த மரியாதைன்னு! அதாவது, கதவைத் தட்டினவனை மட்டும் திட்டாதீங்க, வீட்டுக்குள்ள அவமானப்பட்டவன் ஏன் வெளியே போனான்னும் பாருங்கன்னு அர்த்தம்.

கடைசியில அந்த வார்த்தை நிலைச்சது. இன்னிக்கு அரசியலமைப்பின் 25-வது பிரிவு, மனசாட்சி சுதந்திரத்தையும், மதத்தை வெளிப்படையா ஏற்க, பின்பற்ற, பரப்ப உரிமையையும் தருது. பொது அமைதி, ஒழுக்கம், ஆரோக்கியம் கெடக்கூடாதுங்கிறது நிபந்தனை. இன்னொரு ஆச்சரியம், அதே வாரம் டிசம்பர் 10-ம் தேதிதான் ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேத்துச்சு. அதோட 18-வது பிரிவு, மதத்தை மாத்திக்கிற சுதந்திரமும் மனுஷனுக்கு உண்டுன்னு சொல்லுது.

அப்புறம் 1977. ஸ்டானிஸ்லாஸ் என்ற பாதிரியார் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் கோடு கிழிச்சுக் காட்டுச்சு. உன் மதக் கருத்துக்களை எடுத்துச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. ஆனா, இன்னொருத்தரை மதம் மாத்துறது உன்னோட உரிமை இல்லை. ஏன்னா, மனசாட்சி சுதந்திரம் அவருக்கும் இருக்கு!

நம்ம மாநிலத்துல 2002-ல கட்டாய மத மாற்றத் தடைச் சட்டம் வந்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2004-ல வாபஸ் ஆச்சு. ஆனா உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத்னு பல மாநிலங்கள்ல இப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கு. சில இடங்கள்ல மதம் மாற முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்கணும். மேல்படிப்புக்கு வடக்கே போறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

மாணவர்கள் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய இன்னொரு பிரிவு 28. அரசு அங்கீகாரமோ, நிதி உதவியோ பெறுற கல்வி நிறுவனத்துல படிக்கிற யாரையும் அவங்க சம்மதம் இல்லாம மத போதனையிலயோ வழிபாட்டுலயோ கலந்துக்கச் சொல்ல முடியாது. பதினெட்டு வயசு ஆகலைன்னா பெற்றோர், பாதுகாவலரோட சம்மதம் வேணும்.

ஆக, சொல்லலாம். ஆனா கேட்கிறவனுக்கு ‘வேண்டாம்’னு சொல்ற உரிமை, சொல்றவனோட உரிமைக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்லை. சட்டம் இதோட நின்னுடும். ‘எப்படிச் சொல்றது’ங்கிற கேள்விக்கு சட்டப் புத்தகத்துல பதில் இல்லை. அதுக்குக் கடற்கரைக்குப் போகணும்.

மணல்ல ‘அ’னா எழுதினவர்

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் டூர் போனா, தரங்கம்பாடியில ஒரு டேனிஷ் கோட்டை பார்த்திருப்பீங்க. 1706-ம் வருஷம் ஜூலை 9-ம் தேதி அங்கே வந்து இறங்கினார் பார்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனிக்காரர். டென்மார்க் ராஜா அனுப்பி வெச்ச மிஷனரி. கூட ஹென்ரிக் புளூட்சோன்னு இன்னொருத்தர். சீகன்பால்க்கோட வயசு? கிட்டத்தட்ட 24. உங்க காலேஜ் பி.ஜி. சீனியர் வயசு!

வந்த உடனே அவர் பிரசங்கம் பண்ண முடியலை. ஏன்னா தமிழ் தெரியாது. என்ன செஞ்சார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடிச்சார். சின்னப் பசங்களோட தரையில உட்கார்ந்து, மணல்ல விரலால ‘அ’, ‘ஆ’ எழுதிப் பழகினார். சொல்லிக்கொடுக்க வந்தவர், முதல்ல ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்தார்!

அதோட நிக்கலை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-ல தன்கிட்ட இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலே தயார் பண்ணினார். அதே வருஷம் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். இந்த ஊர்க்காரங்களை நாகரிகம் இல்லாதவங்கன்னு நினைச்சுத்தான் வந்தேன், மொழியைக் கத்துக்கிட்டதும் அந்த நினைப்பு மாறிடுச்சுங்கிற அர்த்தத்துல அவரே எழுதி வெச்சிருக்கார்.

இன்னும் சுவாரஸ்யம் கேளுங்க. 1712-ல இருந்து தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவங்க பதிலைக் கடிதமா வாங்கினாங்க. உங்க சாமி யாரு, உங்க பழக்க வழக்கம் என்ன, எங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்க... நம்ம ஆட்கள் விடுவாங்களா? ‘குடிக்கிறீங்க, சுத்தம் பார்க்கிறது இல்லை, நீங்க சொல்றதுக்கும் உங்க ஆட்கள் நடந்துக்கறதுக்கும் சம்பந்தமே இல்லை’னு போட்டுத் தாக்கியிருக்காங்க. அந்தத் திட்டையும் விடாம ஜெர்மன்ல மொழிபெயர்த்து அனுப்பினாங்க. மொத்தம் 99 கடிதங்கள். ஹாலே நகரத்துல அச்சும் ஆச்சு.

இதுக்கு நடுவுல அவர் பட்ட பாடு? டேனிஷ் கோட்டைத் தலைவரே அவரைப் பிடிச்சு நாலு மாசம் உள்ளே போட்டார். தென்னிந்தியாவோட தெய்வங்களைப் பத்தி அவர் 1713-ல எழுதின புத்தகத்தை, ‘இதையெல்லாம் எழுதவா உன்னை அனுப்பினோம்?’ங்கிற மாதிரி மேலிடம் கிடப்புல போட்டுடுச்சு. அது சென்னையில அச்சானது 1867-ல! ஆனா அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள்ள தரங்கம்பாடி அச்சகத்துலயே தமிழ்ல அச்சாகிடுச்சு. 1719-ல சாகும்போது அவருக்கு 36 வயசுதான்.

அவரை மகானாக்கறது இங்கே நோக்கம் இல்லை. தன் மதம்தான் ஒரே வழின்னு கடைசி வரைக்கும் நம்பினவர், அதை முகத்துக்கு நேராவே சொன்னவர். ஆனா, நம்பிக்கையைப் பரப்ப வந்த ஒருத்தரால எதிராளியோட புத்தகத்தையும் மரியாதையாப் படிக்க முடிஞ்சது. அவனோட கோபத்தையும் கேட்டு எழுதி வைக்க முடிஞ்சது. என் ரூம்மேட் நாலு நோட்டீஸ் வெச்சான். என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கலை. நான் கோயிலுக்குப் போனா என்ன வேண்டிக்குவேன்னு அவனுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அவசரப்படாத சாயர்புரம்

சரி, கேட்கிறவர் பக்கம் வருவோம். என் ரூம்மேட் ஊரான அதே சாயர்புரத்துல, 1850-கள்ல ஒரு தமிழாசிரியர் இருந்தார். பேரு கிருஷ்ண பிள்ளை. தீவிர வைணவக் குடும்பம். கம்பராமாயணம் அத்துப்படி. வேலை பார்த்தது கிறிஸ்தவக் கல்விக்கூடத்துல. தினம் தினம் பைபிள் காதுல விழும். ஆனா வேலைக்குச் சேர்ந்த கையோட மாறிடலை. வருஷக்கணக்கா எதிர்த்தார், விவாதம் பண்ணினார், படிச்சார். தனக்கு முன்னாடியே மாறிய நண்பர்களோட பேசினார். 1858-ல, முப்பது வயசைத் தாண்டின பிறகு, ஞானஸ்நானம் வாங்கினார்.

மாறினதுக்கப்புறம் கம்பனைத் தூக்கிப் போட்டாரா? இல்லையே! அந்தக் கம்பன்கிட்ட கத்துக்கிட்ட தமிழ்லதான் 1894-ல ‘இரட்சணிய யாத்திரிகம்’ வந்தது. ‘கிறிஸ்தவக் கம்பர்’னே பேர் வாங்கினார்.

அதாங்க விஷயம். மனசு மாறுறதுக்கு அது எடுத்துக்கற நேரத்தைக் கொடுத்தே ஆகணும். செமஸ்டர் முடியறதுக்குள்ள ரிசல்ட் எதிர்பார்க்கிற விஷயம் இல்லை இது.

சர்டிஃபிகேட் என்ன ஆகும்?

இப்ப கொஞ்சம் சீரியஸான மேட்டர். ‘நீ இயேசுவை ஏத்துக்கோ’ன்னு சொல்றது ஒரு நிமிஷ வேலை. கேட்கிறவன் அதுக்கு என்ன விலை கொடுப்பான்னு யோசிச்சிருக்கோமா?

உங்க ஃப்ரெண்ட் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்னு வெச்சுக்குவோம். 1950-ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதல்ல இந்துக்களுக்கு மட்டும்தான். 1956-ல சீக்கியர்களையும், 1990-ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் அந்த வரிசையில இல்லை. தமிழ்நாட்டுல கிறிஸ்தவரா மாறினவங்க பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போயிடறாங்க. அதாவது இட ஒதுக்கீடு, ஸ்காலர்ஷிப், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோட பாதுகாப்பு எல்லாமே மாறும். ஆனா ஊர்ல அவரைப் பார்க்கிற பார்வை மாறுமா? ‘கல்லறையிலகூட எங்களைத் தனியா வைக்கிறாங்க’ன்னு தலித் கிறிஸ்தவர்கள் சபைகளுக்குள்ளேயே போராடிக்கிட்டிருக்கிறது நிஜம்.

இது தெரிஞ்சும் மாறினவங்க ஏராளம். அது அவங்க மனசாட்சி, அவங்க துணிச்சல். அதுக்கு சல்யூட்! ஆனா, இது தெரியாமலே ஒருத்தரைக் கூப்பிடறது அன்பு ஆகாது. அப்பா, அம்மா உறவு, கல்யாணம், சொத்து, சர்டிஃபிகேட்... இத்தனை முடிச்சும் அவர் கையில இருக்கு. உங்க கையில இருக்கிறது ஒரு நோட்டீஸ் மட்டும்.

உதவியா... தூண்டிலா?

‘நாங்க உதவி பண்றோமே, அதுவும் தப்பா?’ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி.

திண்டிவனத்துல, பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில, ஒரு ராத்திரி. மிஷனரி டாக்டரோட பொண்ணு ஐடா ஸ்கடர் வீட்டுல இருக்கார். மிஷனரியாகிற எண்ணமே அவருக்குக் கிடையாது. ஒருத்தர் பின்னால ஒருத்தரா மூணு பேர் வந்து கதவைத் தட்டறாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேற ஒரு இந்துக் குடும்பம். மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி. ‘அப்பா டாக்டர், கூட்டிட்டுப் போங்க’ன்னா, ‘ஆம்பளை டாக்டர் வேண்டாம்மா, நீங்க வாங்க’ங்கிறாங்க. அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிஞ்சப்போ மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சார். 1900-ல வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சார். 1918-ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்னிக்கு சி.எம்.சி. வாசல்ல எல்லா மதமும் ஒரே வரிசையில நிக்குது.

அவரோட நம்பிக்கை அவர் வேலையில தெரிஞ்சது. அதுக்கு ரகசியம் எதுவும் கிடையாது. ஆனா உதவிக்கும் தூண்டிலுக்கும் நடுவுல ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. அவங்க ‘உங்க சாமி வேண்டாம்’னு சொன்ன பிறகும் அதே உதவி, அதே அளவுல, அதே முகத்தோட தொடருமா? தொடர்ந்தா அது அன்பு. நின்னுட்டா அது தூண்டில். நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துத் தர்றதுல இருந்து ரத்தம் கொடுக்கிறது வரைக்கும் இந்த டெஸ்ட் வொர்க் அவுட் ஆகும். ட்ரை பண்ணிப் பாருங்க!

சொல்ல நினைக்கிறவங்களுக்கு...

* முதல்ல நீங்க கேளுங்க. அவங்க வீட்டுல என்ன நம்பறாங்க, எதுக்காக அழுவாங்க, யாரைக் கும்பிடுவாங்கன்னு தெரியாம வாயைத் திறக்காதீங்க. பைபிள்ல பேதுருவோட கடிதம்கூட, காரணம் கேட்கிறவங்களுக்கு மென்மையா, மரியாதையா பதில் சொல்லத் தயாரா இருக்கச் சொல்லுது. கவனிங்க... கேட்கிறவங்களுக்கு!

* ஒளிச்சு வைக்காதீங்க. தலையணைக்கு அடியில, ரெகார்டு நோட்டுக்குள்ள, ‘பர்த்டே பார்ட்டி’ன்னு கூட்டிட்டுப் போய் ஜெபக்கூட்டத்துல உட்கார வைக்கிறதுல... இதெல்லாம் வேண்டாமே. நல்ல செய்திக்கு மறைவு எதுக்கு?

* அரியர், காதல் தோல்வி, வீட்டுல சாவு... உடைஞ்சு கிடக்கிறவன்கிட்ட உடனே முடிவு கேட்காதீங்க. டீ வாங்கிக் கொடுங்க. கூட உட்காருங்க. போதும்.

* அடுத்தவர் சாமியைத் திட்டி உங்க சாமியை உயர்த்த முடியாது. உங்க வாழ்க்கையில என்ன நடந்ததுன்னு சொல்லுங்க. அதை யாராலும் மறுக்கவும் முடியாது.

* ‘வேண்டாம்’னு சொன்னா, அதுதான் பதில். வாட்ஸ்அப்ல தினமும் வசனம் அனுப்பி அந்தப் பதிலை மாத்த முடியாது. உங்களை ப்ளாக் மட்டும்தான் பண்ண முடியும்.

கேட்க நேர்றவங்களுக்கு...

* ‘எனக்கு இதுல விருப்பம் இல்லை, ஆனா நாம ஃப்ரெண்ட்ஸ்தான்’னு நேரா, சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. மழுப்பினா அடுத்த வாரமும் வருவாங்க.

* கேட்கிறதாலேயே மாறிட மாட்டீங்க. பிடிச்சா கேளுங்க, பதிலுக்கு உங்க வீட்டுக் கதையையும் சொல்லுங்க. உரையாடல்னா ரெண்டு பக்கமும் ரோடு!

* நோட்டீஸைக் கிழிக்கிறது, ரூமை விட்டுத் துரத்துறது, ‘உன்னை மாட்டி விடறேன் பார்’னு மிரட்டறது... அதுவும் வன்முறைதான்.

* மார்க், அட்டெண்டன்ஸ், ஹாஸ்டல் ரூம் எதையாவது காட்டி யாராவது நெருக்கினா, அது நம்பிக்கை இல்லை, அதிகாரம். வார்டன்கிட்டயோ, முதல்வர்கிட்டயோ எழுத்துல புகார் கொடுங்க. 28-வது பிரிவு ஞாபகம் இருக்குல்ல?

அவ குடுத்திருப்பா...

எங்க ரூம் கதையைப் பாதியில விட்டுட்டேன் இல்லையா?

செமஸ்டர் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு அவன் என் கட்டில்ல வந்து உட்கார்ந்தான். “ஒளிச்சு வெச்சது தப்புல. சொல்லணும்னு நெனச்சது தப்பில்ல. ஆனா ஒளிச்சு வெச்சது தப்பு” என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, “உங்க ஆச்சியை நான் பாத்ததே இல்லையேல. கூட்டிட்டுப் போறியா?” என்றான்.

பொங்கல் லீவுல கூட்டிட்டுப் போனேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. இவன் ஏதாவது பேசி வெச்சா? ஆனா அவன் மூணு நாளும் ஆச்சி கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தான். இந்தக் கோலம் ஏன், இந்தச் சாமி யாரு, தாத்தா எப்படி இறந்தாரு, அன்னிக்கு நீங்க என்ன செஞ்சீங்க... எனக்கே தெரியாத எங்க வீட்டுக் கதையெல்லாம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம், திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டே ஆச்சியே ஆரம்பிச்சா.

“ஏன் ஐயா, மூணு நாளா எங்க சாமியப் பத்தியே கேக்கியே. ஒங்க சாமியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லேன், கேப்போம்.”

அவன் திகைச்சுப் போயிட்டான். ஹாஸ்டல்ல நாலு நோட்டீஸ் வெச்சவன், நேருக்கு நேரா கேட்டதும் வார்த்தை வராம என்னைப் பார்த்தான். நான், “சொல்லுல” என்றேன்.

நரகம் பத்தி எதுவும் சொல்லலை. ஒரு கதை சொன்னான். உச்சி வெயில். நடந்து களைச்சுப்போன இயேசு ஒரு கிணத்தடியில உட்கார்றாரு. ஒரு பொம்பளை தண்ணி எடுக்க வர்றா. சமாரியா நாட்டுக்காரி. இவரு யூதரு. அவங்க பாத்திரத்துல இவங்க ஆளுங்க கை நனைக்க மாட்டாங்க, அப்படி ஒரு விலக்கு. ஆனா இவரு அவகிட்ட முதல்ல பேசினது என்ன தெரியுமா ஆச்சி? ‘எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா’ன்னு கேட்டாரு. அவளுக்கு ஆச்சரியம், ‘எங்கிட்ட போயி நீரு கேக்கீரே’ன்னு. அதுக்கப்புறம்தான் மத்த பேச்செல்லாம்...

ஆச்சி உலக்கையை நிறுத்திட்டா. ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கிட்டிருந்தா.

“அப்ப அவரு தண்ணி குடிச்சாரா இல்லியா ஐயா?”

அவன் யோசிச்சான். மனசுக்குள்ள அந்த அதிகாரத்தை வரி வரியாத் தேடினான் போல. “அது எழுதலியே ஆச்சி. குடிச்சாருன்னும் போடல, குடிக்கலன்னும் போடல.”

ஆச்சி மறுபடி வெத்தலை இடிக்க ஆரம்பிச்சா. “குடிச்சிருப்பாரு. தாகம்னு வந்தவருக்கு இல்லன்னு சொல்லுவாளா? அவ குடுத்திருப்பா.”

எங்க ஆச்சி கடைசி வரைக்கும் திருநீறுதான் பூசினா. நானும் மாறலை. அவனும் எனக்காக ஜெபம் பண்றதை நிறுத்தலை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்கிறது அவனுக்கும் தெரியும். ஆச்சி இறந்த அன்னிக்கு சாயர்புரத்துல இருந்து ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறி வந்து, வாசல்ல என் பக்கத்துல உட்கார்ந்தவன் அவன்தான். அன்னிக்கு அவ எங்கே போயிருப்பான்னு நானும் கேட்கலை. அவனும் சொல்லலை.

யாரோ ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்தாங்க. அவன் பாதி குடிச்சுட்டு, மீதியை என்கிட்ட நீட்டினான்.